அளவுகோலை அளந்தவர்கள்

நவீன அரபு வாசிப்புப் பாடத்தில் ஒருநாள் 'முஆயரா' என்னும் சொல் வந்தது. விண்ணிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பனிப் பரப்புகளின் உயரத்தை அளக்கும் கருவிகளைப் பற்றிய கட்டுரை அது. அகராதியைப் புரட்டிய மாணவர் ஒருவர், "அளவுத் திருத்தம் என்று எழுதிக்கொள்ளலாமா, உஸ்தாத்?" என்று கேட்டார். எழுதிக்கொள்ளலாம் என்றேன். பொருள் பிழையில்லை. ஆயினும் அச்சொல்லுக்குள் ஒரு நெடிய வரலாறு உறங்குகிறது என்பதை அன்றைய பாடவேளைக்குள் சொல்லி முடிக்க இயலவில்லை. அதனைச் சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

'இயார்' என்பது பொன், வெள்ளி நாணயங்களின் மாற்றையும், எடைக்கற்களின் தரத்தையும் குறித்து வழங்கிய பழஞ்சொல். அதன் வழிவந்த 'மிஃயார்' தர அளவையைக் குறிக்கும். 'முஆயரா' என்பது ஓர் அளவையை, அதனினும் நம்பத்தக்க மற்றோர் அளவையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கண்டறிந்து பதிவு செய்தலாகும். இதே செயலை ஆங்கிலத்தில் 'காலிபிரேஷன்' என்பர். இச்சொல்லின் வேரான 'காலிபர்', வார்ப்பச்சு எனப் பொருள்படும் 'காலிப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து இத்தாலி, பிரான்சு வழியாகச் சென்றது என்பது சொல்லாய்வாளர் பலரின் முடிபு. அரபியரும் அதனைக் கிரேக்கரிடமிருந்து பெற்றனர் என்பதையும் அவர்களே கூறுவர். சொற்கள் இவ்வாறே நாடு விட்டு நாடு பயணிக்கின்றன. ஆகவே, சொல் நம்முடையது என்பதனால் அறிவும் நம்முடையதே என்று மார்தட்டுவதில் பயனில்லை. அச்சொல் குறிக்கும் செயலை நம் முன்னோர் எவ்வாறு செய்தனர், இன்றைய அறிஞர் எவ்வாறு செய்கின்றனர் என்று காண்பதே பயனுடையது.

ரய் நகரத்துச் சுவர்கள்

இன்றைய தெஹ்ரானை அடுத்துள்ள ரய் நகரில், புவைஹிய அரசர் ஃபக்ருத் தவ்லாவின் ஆதரவில், ஹிஜ்ரி 384-இல், அதாவது கி.பி. 994-இல், அபூ மஹ்மூது அல்குஜந்தி என்னும் வானியலறிஞர் ஒரு மாபெரும் கருவியை அமைத்தார். அரசரின் பெயரால் அது 'அஸ்ஸுத்ஸுல் ஃபக்ரீ' என வழங்கப்பட்டது. 'ஸுத்ஸ்' என்றால் ஆறில் ஒரு பங்கு. வட்டத்தின் ஆறில் ஒரு பங்காகிய 60 பாகை கொண்ட வில் வடிவம் என்பது பொருள்.

வடக்குத் தெற்காக இரண்டு இணைச் சுவர்கள். அவற்றிற்கு மேலே கூரை. கூரையில் ஒரு துளை. அத்துளையை மையமாகக் கொண்டு, 40 முழ ஆரத்தில், அதாவது ஏறத்தாழ 20 மீட்டர் ஆரத்தில், சுவர்களுக்கிடையே வளைந்து கிடக்கும் வில். நண்பகலில் கதிரவன் உச்சிக்கோட்டைக் கடக்கும்போது துளைவழி நுழையும் ஒளி இவ்வில்லின் மீது வட்டமாக விழும். அவ்வொளி வட்டம் ஏறத்தாழ ஒரு சாண் அகலமுடையது. அதன் மையத்தைக் கண்ணால் மதிப்பிடுவது தவறுக்கு இடந்தரும். எனவே ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரு விட்டங்களைக் கொண்ட ஒரு வளையத்தை ஒளி வட்டத்தின் மீது பொருத்தி மையத்தைக் குறித்தனர்.

பாகையின் அறுபதில் ஒரு கூறு கலை. கலையின் அறுபதில் ஒரு கூறு விகலை. அரபியர் இவற்றைத் 'தகீகா', 'ஸானியா' என்பர். அல்குஜந்தி ஒவ்வொரு பாகையையும் 360 கூறுகளாகப் பிரித்தார். ஆகவே ஒரு கூறு 10 விகலை. 20 மீட்டர் ஆரமுள்ள வில்லில் 10 விகலையின் நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கருவியைப் பெரிதாகக் கட்டியதன் காரணம் இதுவே. கைக்கடக்கமான கருவியில் கண்ணுக்குப் புலப்படாத கூறு, கட்டடம் போன்ற கருவியில் புலப்படும்.

கோடைத் திருப்பத்தையும் குளிர்காலத் திருப்பத்தையும் ஒட்டிய நாள்களில் கதிரவனின் நண்பகல் உயரத்தை அளந்து, அவற்றின் வேறுபாட்டைப் பாதியாக்கினால், கதிரவன் வீதியின் சாய்வு கிடைக்கும். அல்குஜந்தி கண்ட அளவு 23 பாகை 32 கலை 19 விகலை. இந்தியர் கூறிய 24 பாகையையும், தாலமி கூறிய ஏறத்தாழ 23 பாகை 51 கலையையும் தம் அளவோடு ஒப்பிட்டு, இச்சாய்வு காலப்போக்கில் குறைந்து வருகிறது என்னும் முடிவுக்கு வந்தார். நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 47 விகலை வீதம் அது குறைவதை இன்றைய வானியல் உறுதிப்படுத்துகிறது. முடிவு சரி. எனினும் அவர் கண்ட எண் சரியா?

அல்பீரூனியின் ஐயம்

இன்றைய கணக்கின்படி கி.பி. 994-இல் அச்சாய்வு ஏறத்தாழ 23 பாகை 34 கலையாக இருந்திருக்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், இதனினும் மிகச் சிறிய கருவிகளைக் கொண்டு அல்பத்தானி கண்ட 23 பாகை 35 கலை என்னும் அளவு, தம் காலத்திற்குப் பொருந்தி நிற்கிறது. 10 விகலையைப் பிரித்துக் காட்டும் மாபெரும் கருவியோ ஏறத்தாழ 2 கலை, அதாவது 120 விகலை அளவுக்கு வழுவியிருக்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது?

இதற்கான விடையை நமக்கு விட்டுச் சென்றவர் அபூ ரய்ஹான் அல்பீரூனி. இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞராக அவர் ரய் நகருக்குச் சென்று அல்குஜந்தியைச் சந்தித்தார். அக்கருவியைப் பற்றித் தனியே ஒரு சிறுநூலும் எழுதினார். பின்னர் ஹிஜ்ரி 416-இல், அதாவது கி.பி. 1025-இல், கஸ்னாவில் நிறைவு செய்த 'தஹ்தீது நிஹாயாத்துல் அமாகின்' என்னும் நூலில், இரு திருப்ப நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கூரைத் துளை தன் இடத்திலிருந்து தாழ்ந்துவிட்டது என்று பதிவு செய்தார். இச்செய்தியை அவருக்குச் சொன்னவர் வேறு யாருமல்லர், அல்குஜந்தியே சொன்னார்.

இச்செய்தியின் பொருளைச் சற்றே நிதானித்துக் காண வேண்டும். 20 மீட்டர் ஆரமுள்ள வில்லில், மையம் பக்கவாட்டில் 1 சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஏறத்தாழ 1.7 கலை வழு ஏற்பட்டுவிடும். வில்லின் மீது பொறித்த கோடுகள் எவ்வளவு நுண்மையாயினும் அவ்வழுவைக் காட்டிக்கொடா. கோடுகளைப் படிப்பவரும் அதனை உணரார். நாள்தோறும் அளந்தாலும் ஒரே விடையே மீண்டும் மீண்டும் வரும். அவ்விடை பிழையாகவும் இருக்கும். நுட்பம் வேறு, துல்லியம் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. மீண்டும் மீண்டும் ஒரே விடையைத் தருவது நுட்பம். உண்மையோடு ஒத்த விடையைத் தருவது துல்லியம். முன்னது இருந்து பின்னது இல்லாத கருவியே மிகவும் ஆபத்தானது; ஏனெனில் அது நம் நம்பிக்கையைப் பெற்றுவிடுகிறது.

இங்கே இரண்டு அறிஞர்களும் மதிக்கத்தக்கவர்கள். தம் வாழ்நாளின் பெரும் சாதனையாகிய கருவி வழுவியது என்பதை இளைஞர் ஒருவரிடம் மறைக்காமல் சொன்னவர் ஒருவர். சொன்னவர் மீது கொண்ட மதிப்பின் காரணமாக அதனை மூடி மறைக்காமல், இழித்துரைக்காமலும், நூலில் எழுதி வைத்தவர் மற்றொருவர்.

பின்வந்தோர் இக்கருவியைக் கைவிடவில்லை. ஜம்ஷீது அல்காஷீ 1416-இல் எழுதிய வான்நோக்குக் கருவிகள் பற்றிய பாரசீகச் சிறுநூலில் அது இடம்பெறுகிறது. உலுக் பேக் சமர்கந்தில் 1420-களில் எழுப்பிய வான்நோக்ககத்தில் அதே வகைக் கருவி ஏறத்தாழ 40 மீட்டர் ஆரத்தில் அமைந்தது. அதன் கீழ்ப்பகுதி குன்றின் பாறையைக் குடைந்து பதிக்கப்பட்டது. 1908-இல் வியாத்கின் என்னும் ரஷ்ய ஆய்வாளர் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த அப்பகுதியை இன்றும் காணலாம். அங்குக் கண்ட சாய்வு 23 பாகை 30 கலை 17 விகலை. இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் வழு ஏறத்தாழ அரைக் கலை மட்டுமே.

இஃதிபாரும் ளப்தும்

அல்குஜந்திக்குச் சற்றுப் பின்னர் எகிப்தில் ஒளியியலை ஆராய்ந்த இப்னுல் ஹைஸம், தம் 'கிதாபுல் மனாஸிர்' நூலில், ஒரு கருத்தைச் சோதனையால் சரிபார்ப்பதற்கு 'இஃதிபார்' என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். மத்ரஸாவில் பயின்றவர்களுக்கு இச்சொல் வேறோர் இடத்தில் அறிமுகமானது. ஹதீஸ் கலையில் ஓர் அறிவிப்பை ஏனைய அறிவிப்புகளோடு ஒப்பிட்டு, அதற்குத் துணைநிற்பவை உண்டா எனத் தேடுவதற்கும் 'இஃதிபார்' என்றே பெயர். இப்னுஸ் ஸலாஹ் தம் முகத்திமாவில் இதற்கெனத் தனிப் பிரிவையே அமைத்துள்ளார்.

அறிவிப்பாளர் ஒருவரிடம் முஹத்திஸுகள் இரண்டு தகுதிகளை எதிர்பார்த்தனர். ஒன்று 'அதாலத்', அதாவது நேர்மை. மற்றொன்று 'ளப்து', அதாவது கேட்டதைக் கேட்டவாறே காத்துச் சொல்லும் ஆற்றல். நேர்மையாளர் என்பதனால் மட்டும் ஒருவருடைய அறிவிப்பை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் சொன்னவற்றை ஐயத்திற்கிடமற்ற நினைவாற்றல் கொண்டோர் சொன்னவற்றோடு வரிசையாக ஒப்பிட்டு, எத்தனை இடங்களில் ஒத்துப்போகிறார், எத்தனை இடங்களில் வழுவுகிறார் என்று கண்டறிந்த பின்னரே அவருடைய ளப்தை மதிப்பிட்டனர். இது மனித நினைவுக்குச் செய்யப்பட்ட முஆயரா எனலாம். வானியலாரும் முஹத்திஸுகளும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர் என்று நான் வாதிட வரவில்லை. ஒரே கேள்வி இரு துறையினர் முன்னும் நின்றது: சொல்பவர் நம்பத்தக்கவரா என்பதைச் சொல்லப்பட்டதைக் கொண்டே எவ்வாறு அறிவது?

ஒளியே அளவுகோலானபோது

1960 மே மாதத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அதன் பின்னர் ஒளியே அளவுகோலாயிற்று. லேசர் துடிப்பு ஒன்றை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டால் தொலைவு கிடைக்கும். ஒளி ஒரு நொடியில் 29,97,92,458 மீட்டர் செல்லும். ஆகவே நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் தவறினால் தொலைவில் 15 சென்டிமீட்டர் தவறும். துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி நிலப்பரப்பை வருடிச் செல்வதே லேசர் வருடல். பழைய மஸ்ஜிதுகளையும் கோட்டைகளையும் அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்வதும், வானூர்தியிலிருந்து காடுகளையும் ஆற்றுப் படுகைகளையும் அளப்பதும் இம்முறையால் இயல்கின்றன.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 2003 ஜனவரியில் ஏவிய 'ஐஸ்சாட்' துணைக்கோள், இவ்வகை உணரி ஒன்றை ஏந்தி, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 40 துடிப்புகளை அனுப்பியது. கிரீன்லாந்து, அண்டார்க்டிகா ஆகியவற்றின் பனிப்போர்வை ஆண்டுதோறும் எத்தனை சென்டிமீட்டர் தாழ்கிறது என்று அறிவதே அதன் முதன்மை நோக்கம். ரய் நகரத்துக் கேள்வி இங்கேயும் எழுந்தது. லேசர் கற்றை எத்திசையை நோக்குகிறது என்பதில் 1 விகலை வழுவினால், தரையில் ஏறத்தாழ 3 மீட்டர் விலகிவிடும். அத்தரை 1 பாகை சரிந்திருந்தால் உயரத்தில் 5 சென்டிமீட்டர் பிழை நேரும். அல்குஜந்தியின் மிகச்சிறு கூறு 10 விகலை. இங்கோ ஒரு விகலையே பெரும்பிழையாகிவிட்டது. அல்குஜந்தியின் துளையையாவது ஏணி வைத்து ஏறிப் பார்க்கலாம். விண்ணில் சுழலும் கருவியை யார் சென்று பார்ப்பது?

அறிஞர்கள் பல வழிகளை வகுத்தனர். துணைக்கோளை வேண்டுமென்றே சாய்த்துச் சுழற்றிக் கடற்பரப்பை நோக்கச் செய்தனர். கடல்மட்டம் முன்னரே நன்கு அறியப்பட்டது. ஆகவே அளவு அதனோடு ஒவ்வாதபோது கற்றையின் திசைப் பிழை வெளிப்பட்டது. நியூ மெக்சிகோவின் வெண்மணல் வெளியில் ஒளியுணரிகளைத் தரையில் பரப்பி, கற்றை எவ்விடத்தில் விழுந்தது என்பதை நேரடியாகவே பிடித்தனர். இவற்றினும் என்னைக் கவர்ந்தது பொலிவியா நாட்டு உப்பு வெளியில் நடந்த சோதனையே.

சலார் டி உயுனி என்னும் அவ்வெளி, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் அதன் மீது ஆழமற்ற நீர் பரவி, உப்பைக் கரைத்து, காயும்போது மீண்டும் படியவிடுகிறது. ஆண்டுதோறும் இயற்கையே மட்டம் பார்த்து மெழுகிவிடும் தரை அது. ஐஸ்சாட் ஏவப்படுவதற்கு முன்னரே, 2002 செப்டம்பரில், ஜி.பி.எஸ். கருவிகளைப் பொருத்திய வண்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, 54 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பகுதியின் உயரத்தை ஹெலன் ஃப்ரிக்கர், ஏட்ரியன் போர்ஸா முதலியோர் அடங்கிய குழுவினர் அளந்தனர். அவ்வளவு பெரிய பரப்பிலும் மேடு பள்ள வேறுபாடு 1 மீட்டரைக் கூடத் தொடவில்லை. துணைக்கோள் அவ்வெளியைக் கடந்தபோது கிடைத்த உயரத்தை இத்தரை அளவோடு ஒப்பிட்டனர். நல்ல நிலைமைகளில் வழு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு என்று கண்டு 2005-இல் வெளியிட்டனர். உடன் ஒரு குறையும் வெளிப்பட்டது. வெண்ணுப்பிலிருந்து திரும்பும் ஒளி மிகுந்திருந்தால் உணரி திணறிப்போய், தரையை உண்மையினும் தாழ்வாகக் காட்டியது. கண் கூசினால் நமக்கும் அப்படித்தானே. அதற்கும் திருத்தம் வகுத்தனர்.

முதுமையில் தடுமாறிய சாட்சி

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் எழுத நேர்ந்திராது. ஐஸ்சாட்டின் மூன்று லேசர்களுள் முதலாவது 2003 மார்ச்சிலேயே செயலிழந்தது. எஞ்சிய இரண்டையும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, ஏறத்தாழ ஒரு மாதம் மட்டும் இயக்கி, சிக்கனமாகக் காத்து வந்தனர். அவற்றின் ஒளியாற்றல் படிப்படியாகக் குன்றியது. 2009 அக்டோபரில் கடைசி லேசரும் நின்றது. 2010 ஆகஸ்டில் துணைக்கோள் வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது.

அதன் பின்னரும் சிலர் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தனர். உப்பு வெளியை அளந்த போர்ஸாவும் ஃப்ரிக்கரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் ஒரு நுண்ணிய முரணைக் கண்டனர். லேசர் துடிப்பு புறப்படும் கணத்தைக் குறிக்க அதன் சராசரி மையத்தைக் கொண்டனர். திரும்பும் கணத்தைக் குறிக்க அதற்குப் பொருத்தப்பட்ட வளைகோட்டின் உச்சியைக் கொண்டனர். புறப்பாட்டை ஓர் அளவையாலும் வரவை வேறோர் அளவையாலும் அளந்ததனால் சிறு வழு நுழைந்தது. லேசரின் ஆற்றல் குன்றக் குன்ற அவ்வழுவும் மாறிக்கொண்டே வந்தது. அதன் விளைவாக, எடுத்துக்கொள்ளும் காலப்பகுதிக்கு ஏற்ப, ஆண்டுக்கு 0.92 முதல் 1.90 சென்டிமீட்டர் வரை பரப்பு தாழ்வது போன்ற பொய்த்தோற்றம் உண்டாயிற்று. இதனை 2014-இல் வெளிப்படையாக அறிவித்தனர். பதிவுகள் திருத்தி வெளியிடப்பட்டன.

ஒரு சென்டிமீட்டர்தானே என்று எண்ணிவிடலாகாது. அண்டார்க்டிகப் பனிப்பரப்பு ஏறத்தாழ 1.4 கோடி சதுர கிலோமீட்டர். அதன் மீது 1 சென்டிமீட்டர் பிழையைப் பரப்பிப் பார்த்தால் ஆண்டுக்கு 140 கன கிலோமீட்டர் பனி கணக்கில் கூடவோ குறையவோ செய்யும். கடல்மட்டம் எவ்வளவு உயரும், எந்தக் கரையோர ஊருக்கு எத்தகைய சுவர் வேண்டும் என்னும் மதிப்பீடுகள் இக்கணக்கின் மீதே எழுப்பப்படுகின்றன.

இதைப் படித்தபோது முஹத்திஸுகள் கூறும் 'இக்திலாத்' என்னும் குறை என் நினைவுக்கு வந்தது. நேர்மையும் நினைவாற்றலும் நிறைந்த அறிவிப்பாளர் ஒருவர் முதுமையாலோ வேறு காரணத்தாலோ பிற்காலத்தில் தடுமாறத் தொடங்குவதையே அச்சொல் குறிக்கும். அதாவு இப்னுஸ் ஸாயிப் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவர். அவரை அறிஞர்கள் அடியோடு தள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவுமில்லை. ஷுஃபா, ஸுஃப்யான் போன்றோர் அவருடைய நல்ல காலத்தில் கேட்டவர்கள். அவர்கள் வழி வருவதை ஏற்றனர். தடுமாற்றத்திற்குப் பின்னர் கேட்டோர் வழி வருவதைத் தனியே பிரித்து வைத்தனர். எவர் எப்போது கேட்டார் என்னும் காலக்குறிப்பே இங்குத் தராசாயிற்று. ஐஸ்சாட் பதிவுகளுக்கும் இதுவே நிகழ்ந்தது. எந்த லேசர், எந்தக் காலத்தில், எவ்வளவு ஆற்றலுடன் அனுப்பிய துடிப்பு என்னும் குறிப்புகள் துடிப்புதோறும் பாதுகாக்கப்பட்டிருந்தன. அதனாலேயே கருவி அழிந்து நான்காண்டுகள் கழிந்த பின்னரும் அதன் சாட்சியத்தைத் திருத்த முடிந்தது. குறிப்புகள் காக்கப்படாதிருந்தால் எல்லாவற்றையும் ஏற்பது அல்லது எல்லாவற்றையும் தள்ளுவது என்னும் இரண்டு வழிகளே எஞ்சியிருக்கும். இரண்டுமே அநீதி.

இத்திருத்தத்தைக் காட்டி, பனி உருகுகிறது என்பதே பொய் என்று சிலர் வாதிடக்கூடும். அதுவும் பிழையே. நிறையின் ஈர்ப்பைக் கொண்டு அளக்கும் 'கிரேஸ்' இணைத் துணைக்கோள்கள் 2002 முதல் 2017 வரை தனி வழியில் அளந்து, கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் பனி குறைவதைக் காட்டின. ஒரு சாட்சியின் தடுமாற்றத்தால் வேறு வழிகளில் வந்த ஷவாஹிது, அதாவது துணைச் சான்றுகள், பொய்யாகிவிடுவதில்லை. அவை தனி வழியில் வந்தவை என்பதே அவற்றின் வலிமை.

2018 செப்டம்பரில் ஏவப்பட்ட 'ஐஸ்சாட் 2' நொடிக்கு 10,000 துடிப்புகளை அனுப்பும் ஆற்றலுடையது. அதனைச் சோதிக்க, தென்துருவத்தை அடுத்த 88 பாகை அகலக்கோட்டை ஒட்டி, ஜி.பி.எஸ். பொருத்திய பனி வண்டிகளில் ஏறத்தாழ 750 கிலோமீட்டர் பயணத்தை ஏவுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டனர். அப்பயணங்களோடு ஒப்பிட்டதில் வழு 5 சென்டிமீட்டருக்கும் குறைவு எனக் கண்டனர். விண்ணில் செல்லும் கருவிக்குச் சாட்சி சொல்ல, உறைபனியில் மனிதர் வண்டியோட்டிச் செல்லவேண்டியிருக்கிறது.

எஞ்சும் சிந்தனை

அளவையில் குறைத்தவர்களை எச்சரிக்கும் அத்தியாயம் ஒன்று அவர்கள் பெயராலேயே குர்ஆனில் அமைந்திருப்பதை நாம் அறிவோம். சந்தையில் எடைக்கற்களைச் சோதிக்க முஹ்தஸிபுகளை நியமித்த சமூகம் நம்முடையது. ஹிஜ்ரி 515-இல் அல்காஸினீ தராசு ஒன்றைப் பற்றியே 'மீஸானுல் ஹிக்மா' என்னும் பெருநூலை எழுதினார். இவற்றையெல்லாம் மேடைகளில் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். அல்குஜந்தி மாபெரும் கருவியைக் கட்டினார் என்பதையும் சொல்கிறோம். அக்கருவி வழுவியது என்பதையும், அதை அவரே ஒப்புக்கொண்டார் என்பதையும், அல்பீரூனி அதனை எழுதி வைத்தார் என்பதையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். உண்மையில் அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற செல்வத்துள் பெருமதிப்புடையது அந்த இரண்டாம் பகுதியே. கட்டடம் இடிந்து மண்ணாகிவிட்டது. குறை சொன்ன குறிப்போ ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் பயன்படுகிறது.

மறுவாரம் அதே மாணவரிடம் 'முஆயரா'வுக்கு எழுதிய பொருளை அடித்துவிட வேண்டா, அதனருகே இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்: அளப்பவன் தன் அளவுகோலைப் பிறர் அளக்கக் கொடுத்தல்.